விலாவில் ஒரு தட்டு

1954ல் அமெரிக்க அறுவை மருத்துவ இதழ் ஒன்றில் நாய்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியானது. மினசோட்டாவைச் சேர்ந்த ஆர்னால்ட் கிரெமன், ஜான் லின்னர் என்ற அறுவை மருத்துவர்களும் அவர்களுடைய சகாவும் சேர்ந்து எழுதியது. சிறுகுடலின் மேல்பாதிக்கு என்ன வேலை, கீழ்ப்பாதிக்கு என்ன வேலை என்பதுதான் அவர்களுடைய கேள்வி. மேல்பாதி போனால் நாய் எப்படியோ சமாளித்துக்கொண்டது. கீழ்ப்பாதி போனபோது வயிறு நிறையத் தின்றும் இளைத்தது. தின்ற கொழுப்பு உடம்பில் ஒட்டவே இல்லை. சத்துணவு ஆராய்ச்சிக்காரர்கள் படித்துவிட்டு மூடிவைத்திருக்கக்கூடிய கட்டுரைதான். ஆனால் அதோடு இன்னொரு தகவலும் வெளியே வந்தது. குடலின் பெரும்பகுதியைச் சுற்றிவிட்டு, மேல்முனையைக் கீழ்முனையோடு நேராக இணைக்கும் அறுவையை உடல் பருத்த ஒரு மனிதருக்கே செய்து முடித்திருந்தார்கள்.

அதே 1954ல் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் ஆய்வு நிறுவனத்தில் மூன்று பேர் மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஜான் லடூ, ஃபீலிக்ஸ் வ்ரூப்லெவ்ஸ்கி, இளைஞரான ஆர்தர் கார்மென். இதயத் தசை சாகும்போது அதற்குள் இருக்கும் ஒரு நொதி ரத்தத்தில் கசிகிறது என்று கண்டுகொண்டார்கள். அதை ஒளியை வைத்து அளக்கச் சுலபமான வழி ஒன்றைக் கார்மென் வகுத்தார். நெஞ்சுவலி என்று வருகிறவருக்கு வந்திருப்பது மாரடைப்புதானா என்று ஒரு துளி ரத்தம் சொல்லிவிடும் என்ற நிலை வந்தது. மருத்துவ உலகத்துக்கு அது பெரிய வரம். ஆனால் அந்த நொதி நெஞ்சுவலியே இல்லாத சிலருடைய ரத்தத்தில் மாரடைப்புக்காரர்களைவிடப் பல மடங்கு எகிறி நின்றது.

அவர்கள் மஞ்சள்காமாலைக்காரர்கள். இதயத்துக்காகக் கண்டுபிடித்த சோதனை ஈரலுக்கு இன்னும் நன்றாக வேலை செய்தது. அடுத்த ஆண்டே இத்தாலியின் நேப்பிள்ஸில் ஃபெர்னாண்டோ தெ ரித்திஸின் குழுவும் ஈரல் அழற்சியில் இதையே கண்டது. இன்று நம்மூர் லேப் ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று அடுத்தடுத்த வரிகளில் வரும் இரண்டில் முதலாவது, இப்படி இதயத்திலிருந்து ஈரலுக்குக் குடிபெயர்ந்ததுதான். இதயத்தைப் பார்க்க பின்னாளில் வேறு நல்ல சோதனைகள் வந்துவிட்டதால் அது பழைய வீட்டுக்குத் திரும்பவே இல்லை. அதற்கு ஒரு குறை மட்டும் உண்டு. இன்றைக்கு எத்தனை ஈரல் செல்கள் செத்துக்கொண்டிருக்கின்றன என்று ஓரளவு சொல்லும். இத்தனை வருடத்தில் ஈரலுக்குள் எவ்வளவு தழும்பு சேர்ந்திருக்கிறது என்று சொல்லத் தெரியாது. தழும்பைப் பார்க்க வேண்டுமானால் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும்.

உள்ளே போக ஊசி இருந்தது. ஆனால் பழைய ஊசி ஈரலுக்குள் நிமிடக் கணக்கில் நிற்கும். நோயாளி மூச்சுவிட்டால் ஈரல் அசையும், அசைந்தால் கிழியும். 1958ல் இத்தாலிக்காரரான ஜோர்ஜோ மெங்கீனி புது ஊசி ஒன்றைக் கொண்டுவந்தார். நோயாளி மல்லாந்து படுத்து வலக்கையைத் தலைக்குக் கீழே வைத்துக்கொள்வார். வலது விலாவுக்கு நடுவே மரத்துப்போகும் மருந்து. மூச்சை முழுக்க வெளியே விட்டு அப்படியே நிறுத்தச் சொல்வார்கள். சிரிஞ்சை இழுத்துப் பிடித்தபடி ஊசி உள்ளே போகும், வெளியே வரும். ஈரலுக்குள் அது இருப்பது ஒரு நொடி. எடுத்த சதை சிரிஞ்சுக்குள் பாய்ந்து சிதறிவிடாமல் தடுக்க, ஊசிக் குழலுக்குள்ளேயே சிறிய ஆணி ஒன்றையும் மெங்கீனி வைத்திருந்தார். கையில் கிடைப்பது மெல்லிய நூலளவு சதை, முழு ஈரலில் சுமார் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. அதன் பிறகு நோயாளி வலப்பக்கமாகத் திரும்பி மணிக்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டும். சிலருக்கு வலது தோள்பட்டையில் வலி கிளம்பும். பின்னாளில் இத்தாலியில் 68,276 பயாப்ஸிகளைத் தொகுத்துப் பார்த்தபோது 6 பேர் இறந்திருந்தார்கள். குறைவுதான். ஆனால் அந்த ஆறு பேரில் ஒருவராகத் தான் இருந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொருவரும் பயந்தார்கள். இந்த ஊசி கூட்டம் கூட்டமாகத் தேவைப்படும் நாள் அப்போதே நெருங்கிக்கொண்டிருந்தது.

லாஸ் ஏஞ்சலிஸில் ஹோவர்ட் பெய்ன் என்ற அறுவை மருத்துவர் 1956லேயே, உடல் பருத்தவர்களுக்குச் சிறுகுடலை நேராகப் பெருங்குடலோடு இணைக்கத் தொடங்கியிருந்தார். எடை குறைந்தது. கூடவே வயிற்றுப்போக்கும் நிற்காமல் ஓடியது. உடம்பின் உப்புச்சத்து வற்றியது. இணைத்ததை மறுபடி பிரித்து ஒட்ட வேண்டியதாயிற்று. வேறொருவராக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார். பெய்னும் அவருடைய சகா டிவிண்டும் அளவைத்தான் மாற்றினார்கள். 1969ல் அவர்கள் அறிவித்த புது அளவின்படி, சிறுகுடலின் மேல்பகுதியில் 14 அங்குலத்தையும் கீழ்ப்பகுதியில் 4 அங்குலத்தையும் மட்டும் விட்டு, இடையிலிருக்கும் பல அடி நீளக் குடலை வேலையிலிருந்து நீக்கிவிட வேண்டும். எளிய அறுவை, எடை கண்கூடாக இறங்கும். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்கள் செய்துகொண்டார்கள். பத்திரிகைகளுக்கும் கொண்டாட்டம். சில மாதங்களில் அவர்களில் சிலருக்குக் கண் மஞ்சளானது.

குடலை மாற்றினால் ஈரல் ஏன் கெட வேண்டும்? வேலையில்லாமல் உள்ளே கிடந்த நீண்ட குடலில் கிருமிகள் பெருகின. அவற்றின் நச்சு நேராக ஈரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் கலந்தது. புரதச்சத்து உடம்பில் சேரவில்லை. உடம்பின் கொழுப்பு வேகமாகக் கரைந்து ஈரலில் வந்து குவிந்தது. சிறுநீரகக் கல், மூட்டுவலி என்று வேறு உபத்திரவங்களும் சேர்ந்துகொண்டன. ஆனால் ஈரல்தான் கொன்றது. இதில் இன்னொரு குரூரமும் இருந்தது. ரத்தச் சோதனை பலருக்கு ஏறக்குறைய சரியாகவே இருக்கும். உள்ளே ஈரல் தழும்பாகிக்கொண்டிருக்கும். நியூயார்க்கின் நொதி இங்கே கைவிட்டது. எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்டவரின் ஈரலைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்ற வழக்கம் இந்த விபத்திலிருந்துதான் வந்தது. கண்காணிக்க இருந்த ஒரே வழி, மறுபடி மறுபடி மெங்கீனியின் ஊசி. அப்படி எடுத்த சதையை நுண்ணோக்கியின் கீழ் வைத்த நோயியல் நிபுணர்கள் குழம்பிப் போனார்கள்.

ஏனென்றால் அவர்கள் கண்டது குடிகாரரின் ஈரல். வீங்கிய செல்கள், கொழுப்புக் குமிழிகள், இடையிடையே அழற்சி, தழும்பு நார். சதைக்குச் சொந்தக்காரரைக் கேட்டால் வாழ்நாளில் குடித்ததே இல்லை என்றார். நோயாளி பொய் சொல்கிறார் என்று நினைப்பது மருத்துவருக்குச் சுலபமாக இருந்தது. எத்தனை பெண்கள் அந்த அவமானத்தைத் தாங்கியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கத்தான் முடிகிறது. கடைசியில் 1980ல், நாய்கள் இளைத்த அதே மினசோட்டா மாநிலத்தில், மேயோ கிளினிக்கின் நோயியல் நிபுணர் யூர்கன் லுட்விக் 20 நோயாளிகளின் ஈரல் சதையைத் தொகுத்து ஒரு கட்டுரை எழுதினார். குடல் அறுவைக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலோர் பெண்கள், ஓரளவு உடல் பருத்தவர்கள். பலருக்குச் சர்க்கரை நோயோ பித்தப்பைக் கல்லோ இருந்தது. குடிக்காமலேயே குடிகாரரின் ஈரலைப் பெற்றவர்கள். அதுவரை பெயரே இல்லாத நோய் அது. குடல் அறுவை அந்த நோயைப் பலருக்கு வேகமாகக் கொண்டுவந்தது. ஆனால் அறுவை மேசையை நெருங்காதவர்களிடமும் அது சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருந்தது.

அந்தக் குடல் அறுவை ஏறக்குறைய அதே சமயத்தில் வழக்கொழிந்தது. அதற்குப் பதில் ஏற்கெனவே தயாராக இருந்தது. அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன், குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்த பெண்கள் மறுபடி எடை போடச் சிரமப்படுவதைக் கவனித்திருந்தார். அவரும் சிகாஷி இட்டோவும் 1960களின் நடுவில் இரைப்பையைச் சிறு பையாகத் தடுத்துக் குடலோடு இணைக்கும் முறையை வகுத்தார்கள். இன்றைய கேஸ்ட்ரிக் பைபாஸின் மூதாதை அதுதான். இதில் குடலின் பெரும்பகுதி வேலையிழந்து கிடப்பதில்லை. அதனால் ஈரல் தப்பியது. ஆனால் பழைய பயம் போகவில்லை. அறுவைக்கு வருகிறவர்களில் கணிசமானவர்கள் ஏற்கெனவே கொழுப்பு ஏறிய ஈரலோடுதான் வந்தார்கள். யாருடைய ஈரலில் தழும்பு இருக்கிறது, அறுவைக்குப் பின் அது குறைகிறதா கூடுகிறதா என்று அறிய ஊசியை விட்டால் வழியில்லை என்ற நிலை இன்னும் இருபது வருடத்துக்கு நீடித்தது. அதை மாற்றியவர்கள் ஈரலைப் பற்றியோ உடல் பருமனைப் பற்றியோ கவலைப்பட்டவர்களே அல்ல.

கதை இனி பாரிஸுக்குப் போகிறது. கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டுபிடித்த பள்ளி அங்கே இருக்கிறது. நகரத்தின் தொழிற்பௌதிக, வேதியியல் உயர்கல்விப் பள்ளி. நீருக்கடியில் கேளா ஒலியை அனுப்பி எதிரொலி பிடித்த பால் லான்ஜெவன் பின்னாளில் இயக்குநராக இருந்ததும் அதே பள்ளிதான். அங்கே 1990களில் மத்தியாஸ் ஃபிங்க் என்ற இயற்பியலாளரின் ஆய்வுக்கூடம் அலைகளோடு விளையாடிக்கொண்டிருந்தது. விளையாட்டு என்றே சொல்லலாம். ஓர் ஒலி அலையைப் பிடித்து, அதைத் தலைகீழாகத் திருப்பி, புறப்பட்ட இடத்துக்கே அனுப்பிவைக்கும் கருவியை ஃபிங்க் செய்திருந்தார். அதற்காகப் பல உணர்விகளையும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நினைவகத்தையும் கொண்ட மின்னணு அடுக்கு ஒன்று ஆய்வுக்கூடத்தில் இருந்தது. அதற்கு இன்னொரு பயன் இருக்கிறது என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

தழும்பு ஏற ஏற ஈரல் விறைக்கும். ஆனால் விறைப்பை அளக்கும் ஆசை வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. ஈரல் மருத்துவர்கள் கூடும் இடங்களில் இதைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள்: அப்படி அளக்கும் கருவி முதலில் பாலாடைக்கட்டி பதமாகிவிட்டதா என்று பார்க்கப் பிறந்ததாம். பிரான்சுக்காரர்களுக்குப் பொருத்தமான கதைதான். எதற்காகத் தொடங்கினாலும் அடிப்படைக் கணக்கு ஒன்றே. ஒரு பொருளைத் தட்டினால் அதற்குள் மெதுவான அதிர்வலை ஒன்று ஓடும். பொருள் மிருதுவானால் அலை ஊர்ந்து போகும், விறைப்பானால் வேகமெடுக்கும். தேங்காய்க் கடையில் சுண்டிப் பார்ப்பவர் காதால் செய்வதை இவர்கள் கடிகாரத்தால் செய்ய நினைத்தார்கள். அலையின் வேகத்தை அளந்தால் போதும். விறைப்பு அந்த வேகத்தின் வர்க்கத்தோடு சேர்ந்து ஏறும். வேகம் இரு மடங்கானால் விறைப்பு நான்கு மடங்கு. காகிதத்தில் கணக்கு அழகாக வந்தது, ஆய்வுமேசையில் வரவில்லை.

முதல் முயற்சிகளில் பொருளைத் தொடர்ந்து அதிரவைத்துக்கொண்டே அளந்தார்கள். உள்ளே போகும் அலை எல்லைகளில் மோதித் திரும்பியது. போகிறதும் வருகிறதும் கலந்தன. எது எந்த அலை என்று பிரிக்க முடியவில்லை. வேகம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்றாக வந்தது. ஃபிங்க்கின் மாணவர் ஸ்டெஃபான் காத்தலின் இதற்குக் கண்ட தீர்வு, இப்போது கேட்டால் சிரிப்பு வருமளவுக்கு எளிது: அதிரவைப்பதை நிறுத்து, ஒரே ஒரு தட்டு தட்டு. ஒரு துடிப்பு உள்ளே போகும். அது எல்லையில் மோதித் திரும்பி வருவதற்குள் அளந்து முடித்துவிடலாம். 1999ல் அந்தத் தீர்வு அச்சில் வந்தது. ஆனால் அந்த ஒற்றைத் துடிப்பைப் படம் பிடிப்பது எப்படி?

மருத்துவமனை அல்ட்ராசவுண்ட் கருவி நொடிக்குச் சில பத்துப் படங்கள்தான் எடுக்கும். ஈரலில் அந்த அலை நொடிக்கு ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் என்ற கணக்கில் போகிறது. நான்கு சென்டிமீட்டரைக் கடக்க நொடியில் முப்பதில் ஒரு பங்கு. சாதாரணக் கருவி ஒரு படத்தை எடுத்து முடிப்பதற்குள் அலை கடந்து போயிருக்கும். நொடிக்கு ஆயிரக்கணக்கில் பார்க்கும் கண் வேண்டும். அப்படி ஒரு கண் உலகில் எங்கும் விற்பனைக்கு இல்லை. ஆனால் ஆய்வுக்கூடத்தில் ஒலியைத் திருப்பி அனுப்பக் கட்டிய அந்த மின்னணு அடுக்கு இருந்ததே! ஒவ்வொரு உணர்விக்கும் தனி நினைவகம் இருந்ததால், எதிரொலிகளை எல்லாம் அப்படியே விழுங்கி வைத்துக்கொண்டு பிறகு நிதானமாகக் கணக்குப் போட அதனால் முடிந்தது. இன்னொரு மாணவரான லோரான் சாந்த்ரான் அதை வைத்து, ஜெலட்டினிலும் அகரிலும் செய்த மாதிரிக் கட்டிகளுக்குள் அலை நகர்வதைப் படமாக்கிக் காட்டினார். வெற்றிதான். ஆனால் ஓர் அறையை அடைக்கும் மின்னணு அடுக்கை எந்த மருத்துவர் வாங்குவார்?

பெரிய யோசனைகள் பல சமயம் குறைப்பதில்தான் வருகின்றன. உணர்விகளின் வரிசையே வேண்டாம், ஒன்று போதும் என்று முடிவாயிற்று. படம் வேண்டாம், ஒரே நேர்கோட்டில் அலை ஆழமாகப் போவது தெரிந்தால் போதும். அதோடு, தட்டுவதற்குத் தனிக் கருவி, பார்ப்பதற்குத் தனிக் கருவி என்றும் வேண்டாம். பார்க்கும் உணர்வியையே சிறு அதிர்வியின் முனையில் பொருத்தித் தட்டவைத்தார்கள். தட்டுகிறதும் அதுவே, கேட்கிறதும் அதுவே. கையடக்கமான ஒரு குழல் பிறந்தது. 2001ல் சாந்த்ரானும் கூட்டாளிகளும் பாரிஸில் எக்கோசென்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கருவி இருந்தது, நிறுவனம் இருந்தது, நோயாளிகள் வேண்டியிருந்தது.

நோயாளிகள் வரிசையில் காத்திருந்தார்கள், ஆனால் அவர்கள் பருத்தவர்கள் அல்ல. 1989ல் ஹெபடைட்டிஸ் சி வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து, எப்போதோ ஏற்றிக்கொண்ட ரத்தத்தால் தொற்று வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் அடையாளம் தெரிந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஈரலில் எவ்வளவு தழும்பு என்று தெரிந்தால்தான் சிகிச்சையை முடிவு செய்ய முடியும். ஒவ்வொருவருக்கும் ஊசி. வேண்டாம் என்று மறுத்தவர்களும் உண்டு. சாந்த்ரானின் குழு 106 ஹெபடைட்டிஸ் சி நோயாளிகளிடம் குழலை வைத்துத் தட்டிப் பார்த்து, கிடைத்த எண்ணைப் பயாப்ஸியோடு ஒப்பிட்டு 2003ல் வெளியிட்டது. தழும்பு ஏற ஏற எண்ணும் ஏறியது. 2005ல் பொர்தோவின் லோரான் கஸ்தேராவும் பிறரும் இன்னும் பெரிய எண்ணிக்கையில் அதை உறுதி செய்தார்கள். ஐரோப்பிய மருத்துவமனைகளில் குழல் பரவியது. சதையே எடுக்காமல் ஈரலைப் பரிசோதிக்கலாம் என்று கேள்விப்பட்டதும், எடைக்குறைப்பு அறுவை செய்பவர்களும் ஆவலோடு தங்கள் நோயாளிகளை அனுப்பினார்கள். அங்கேதான் கருவி ஊமையானது.

காரணம் எளிது. குழல் தோலுக்குக் கீழே 25 மில்லிமீட்டரிலிருந்து 65 மில்லிமீட்டர் வரை பார்க்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. ஒல்லியானவருக்கு அந்த ஆழத்தில் ஈரல் இருக்கும். பருத்தவருக்கு 25 மில்லிமீட்டரைத் தாண்டியும் கொழுப்பே இருந்தது. தட்டு அந்தக் கொழுப்பிலேயே அமுங்கிப்போயிற்று. சில சமயம் ஈரலை விட்டுவிட்டுக் கொழுப்பையே அளந்தது. கஸ்தேராவின் குழு ஐந்து ஆண்டுகளில் செய்த 13,369 பரிசோதனைகளைத் திரும்பிப் பார்த்து 2010ல் கணக்குச் சொன்னது: 3.1 சதவீதத்தில் எண்ணே வரவில்லை, 15.8 சதவீதத்தில் வந்த எண்ணை நம்ப முடியவில்லை. இரண்டுக்கும் முக்கியக் காரணம் உடல் பருமன். ஊசிக்கு மாற்று யாருக்கு மிக அவசியமாக இருந்ததோ அவர்களிடம்தான் கருவி தோற்றது.

குழலைப் பெரிதாக்கினார்கள். முனையின் விட்டம் 9 மில்லிமீட்டரிலிருந்து 12 ஆனது, தட்டு பலமானது, கேளா ஒலியின் அதிர்வெண்ணை 3.5 மெகாஹெர்ட்ஸிலிருந்து 2.5க்கு இறக்கியதால் அது ஆழமாகப் போயிற்று. அளக்கும் இடம் 35 மில்லிமீட்டரில் தொடங்கி 75 வரை நகர்ந்தது. 2012ல், பருமன் கூடிய 276 பேரிடம் இரண்டு குழல்களையும் வைத்துப் பார்த்த ஆய்வொன்றில், பழைய குழல் 16 சதவீதத்தினரிடம் தோற்றது. புதிய குழல் 1.1 சதவீதத்தினரிடம் மட்டும். இந்தக் காலத்திலேயே இன்னோர் அதிர்ஷ்டமும் அடித்தது. கொழுப்பு ஏறிய ஈரலுக்குள் போகும் ஒலி சீக்கிரமே மங்கிவிடும். அதுவரை அந்த மங்கல் அலையைத் தேடுவதற்கு ஓர் இடைஞ்சல்தான். அந்த மங்கலையே அளந்தால் என்ன என்று மகாலி சாஸோவும் சகாக்களும் கேட்டார்கள். 2010ல் விடை வந்தது: மங்கல் எவ்வளவோ அவ்வளவு கொழுப்பு. விறைப்புக்காகத் தட்டிய அதே தட்டில் கொழுப்பின் அளவும் சேர்ந்து கிடைத்தது. புதிதாக எதையும் உடம்பில் வைக்க வேண்டியதில்லை. அமெரிக்கா மட்டும் இன்னும் கதவைத் திறக்கவில்லை.

2013 ஏப்ரலில் அதுவும் திறந்தது. மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்.டி.ஏ. ஒப்புதல் கொடுத்தது. அந்தக் கருவியின் பெயர்தான், நம்மூரில் ஃபேட்டி லிவர் என்று சொல்லி ஈரல் மருத்துவரிடம் போகிறவர்கள் கையில் வாங்கி வரும் சீட்டில் எழுதியிருப்பது: ஃபைப்ரோஸ்கேன். மூன்று மணி நேரம் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். சாப்பிட்டவுடன் ஈரலுக்கு ரத்தம் கூடுதலாகப் போவதால் எண் ஏறிவிடும். மல்லாந்து படுத்து வலக்கையைத் தலைக்குக் கீழே வைக்க வேண்டும். மெங்கீனியின் ஊசிக்கு வைத்த அதே கை, அதே விலா இடுக்கு. குளிர்ந்த ஜெல் தடவிக் குழலை வைப்பார்கள். உள்ளே டொக்கென்று ஒரு தட்டு விழும். திரையில் சரிந்த கோடு ஒன்று தோன்றும். கோடு செங்குத்தாக நின்றால் அலை வேகமாக ஓடியிருக்கிறது என்று பொருள். 10 நல்ல தட்டுகள். அவற்றின் நடு எண் கிலோபாஸ்கலில். ஆரோக்கியமான ஈரலுக்குச் சுமார் 5. பன்னிரண்டு, பதினான்கைத் தாண்டினால் மருத்துவரின் முகம் மாறும். ஊசி பார்ப்பதைவிடச் சுமார் நூறு மடங்கு பெரிய ஈரல் பகுதியை இது அளக்கிறது. எடைக்குறைப்பு அறுவைக்குப் பிறகு அந்த எண் எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் 1970களிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த கேள்வி.

விடை பிரான்சிலேயே, லீல் நகரத்திலிருந்து வந்தது. அங்கே ஃபிலிப் மாத்தூரானின் குழு, அறுவை செய்துகொண்டவர்களின் ஈரலை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தது. 2015ல் வெளியிட்ட முடிவின்படி, அழற்சியோடு கூடிய கொழுப்பு ஈரல் நோய் இருந்த 109 பேரில், ஓராண்டில் சுமார் 85 சதவீதத்தினரிடம் அந்த நோய் மறைந்திருந்தது. ஐந்தாண்டு கழித்தும் முன்னேற்றம் நிலைத்தது. பலருக்குத் தழும்பும் குறைந்திருந்தது. பழைய குடல் அறுவை கெடுத்த ஈரலைப் புதிய அறுவைகள் சரி செய்துகொண்டிருந்தன. வேடிக்கை என்னவென்றால், இதை லீல் குழு நிரூபித்தது ஊசியை வைத்துத்தான். தட்டும் கருவி விறைப்பையும் கொழுப்பையும் மட்டுமே அறியும். நோய் மறைந்துவிட்டது என்று சத்தியம் செய்ய அப்போதும் சதை தேவைப்பட்டது.

ஆனால் வருடாவருடம் நல்லாயிருக்கிறவரை ஊசியால் குத்திக்கொண்டிருக்க முடியாது. கண்காணிப்பு தட்டுக்கு வந்துவிட்டது. அறுவைக்கு முன் பெரிய குழலில் அளக்கப்பட்டவர், எடை இறங்கிய பிறகு வந்தால் கருவியே தோலுக்கும் ஈரலுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்து, சிறிய குழல் போதும் என்று சொல்லும். எண்ணும் பொதுவாக இறங்கும். இறங்காமல் ஏறினால்? அமெரிக்காவில் அறுவை செய்துகொண்டவர்களைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வொன்று 2012ல் ஒரு சங்கடமான உண்மையைச் சொன்னது. அறுவைக்கு முந்தைய ஆண்டில் 7.6 சதவீதத்தினருக்கு இருந்த மதுப்பழக்கக் கோளாறு, அறுவைக்குப் பிந்தைய இரண்டாம் ஆண்டில் 9.6 சதவீதமாகியிருந்தது. பைபாஸ் செய்த வயிற்றில் மது சீக்கிரம் ரத்தத்தில் ஏறுகிறது. ஒரு கோப்பை முன்பைவிட அதிகமாகத் தாக்குகிறது. குடிக்காதவர்களைக் குடிகாரர்கள் என்று சந்தேகித்த காலம் போய், இன்று அதே கேள்வியை மருத்துவர் நியாயமாகவே கேட்க வேண்டியிருக்கிறது.

கருவியால் அதைக் கேட்க முடியாது. இதயம் பலவீனமாகி ஈரலில் ரத்தம் தேங்கினாலும் எண் ஏறும், மஞ்சள்காமாலையிலும் ஏறும். அதனால்தான் ஃபைப்ரோஸ்கேன் அறிக்கையோடு எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., ரத்தத்தட்டுகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் படிக்கிறார்கள். அறுவைக்கு முன்பே ஈரல் முழுக்கத் தழும்பேறி சிரோசிஸ் வந்துவிட்டவர்களுக்கு, எடையும் கிலோபாஸ்கலும் எவ்வளவு இறங்கினாலும், ஈரல் புற்றுநோய் தலையெடுக்கிறதா என்று பார்க்க 6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுப்பதை மருத்துவர்கள் நிறுத்துவதில்லை.